ஊறும் நாட்களைக் குறைக்க வேண்டாம்

கல்வியின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் ஜெர்மனிக்கு வந்து, சொந்தக் கையால் சமைத்துண்டு வாழும் தமிழ் அன்பர்களுக்கு,



இந்நாட்டு நண்பர்களும், உடன் வேலை பார்ப்பவர்களும், குடியிருக்கும் வீட்டுக்காரர்களும் உங்களைத் தங்கள் மேஜைக்கு அழைத்து உபசரித்ததற்குப் பிரதியாக, ஒரு ஞாயிற்றுக்கிழமையேனும் அவர்களுடைய விருந்தையே உங்கள் கையால் சமைத்து அவர்கள் முன் வைக்க வேண்டும் என்று உங்களில் பலர் ஆசைப்படுவதை நான் அறிவேன். சாம்பாரும் பிரியாணியும் சமைத்துப் பாராட்டுப் பெறுவது சுலபமாக இருக்க, அந்தச் சுலபத்தை விட்டுப் பிறருடைய வீட்டுச் சுவையைத் தேடிச் செல்லும் அந்த மனம் மிக உயர்ந்த மனம். ஆயினும் அந்த ஆசையோடு கூடவே ஓர் அபிப்பிராயமும் பலரிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜெர்மானியச் சமையல் உப்புச் சப்பற்றது என்றும், அதில் கொஞ்சம் மிளகாய்த் தூளும் இஞ்சி பூண்டு விழுதும் சேர்த்தால்தான் வாயில் வைக்க விளங்கும் என்றும், நாட்கணக்கில் ஊறப் போடுவதெல்லாம் குக்கர் இல்லாத காலத்து வழக்கம் என்றும் சொல்லக் கேட்கிறேன். இந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளும்படி உங்களைக் கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

இச்சமையலில் மசாலா செய்ய வேண்டிய வேலையின் பெரும் பகுதியைக் காலமே செய்து முடிக்கிறது. முட்டைக்கோஸ் தன் எடையில் நூற்றுக்கு 2 பங்கு உப்போடு பிசையப்பட்டு, வாரக்கணக்கில் ஜாடியில் கிடந்து, தானாகப் புளித்துச் சவர்க்கிராவுட் ஆகிறது. ரை என்னும் கருந்தானியத்தின் மாவு, பழைய புளித்த மாவின் துணையோடு இரவெல்லாம் பொங்கிய பிறகே ரொட்டியாகிறது. அந்த ரொட்டிச் சம்பிரதாயத்தை இந்த தேசம் 2014-இல் தன் பாரம்பரியச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. இறைச்சியோ வினிகரில் நாட்கணக்கில் ஊறுகிறது. புளிப்பை இப்படிப் பொறுமையாக விளைவித்து, அதன்மேல் ஒரு நூலிழை இனிப்பை ஓட்டி, இரண்டும் சமமாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வீட்டுச் சமையலில் தேர்ந்த கையின் அடையாளம். நாட்களைக் குறைத்துவிட்டு மிளகாயைக் கூட்டுகிறவர், அந்தப் புளிப்பும் இனிப்பும் ஒன்றையொன்று தேடிச் சேருவதற்கு அவகாசமே கொடாமல், பதார்த்தத்தின்மேல் குற்றம் சாட்டுகிறார். முதன்முறை அவர்கள் முறைப்படியே, முழுவதும், எதையும் கூட்டாமலும் குறைக்காமலும் செய்து பாருங்கள். மாற்ற வேண்டும் என்று தோன்றினால் அடுத்த முறை மாற்றிக்கொள்ளலாம்.

ஜெர்மானிய விருந்து என்று ஒரே விருந்து கிடையாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1871 வரையில் இது பல ராஜ்யங்களாகவும் சிற்றரசுகளாகவும் சுதந்திர நகரங்களாகவும் பிரிந்து கிடந்த பூமி. அரசியல் ஒன்றான பிறகும் அடுப்புகள் ஒன்றாகவில்லை. வடக்கே பிரேமன், ஓல்டன்பர்க் பக்கத்தில் பனிக்காலத்துக் கீரைக்கோஸும் பிங்கல் என்னும் தானியம் கலந்த தொத்திறைச்சியும். தென்மேற்கே சுவாபியாவில் முட்டையும் மாவும் பிசைந்து பலகையிலிருந்து கொதிநீரில் சீவி விடும் ஸ்பெட்ஸ்லெ. தூரிங்கியாவில் உருளைக்கிழங்கு உருண்டை. ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுத்து ஒரே மேஜையில் கலந்து வைத்தால், அது எந்த வீட்டிலும் யாரும் உண்ணாத சாப்பாடாகிவிடும். ஒரு பிரதேசத்தைத் தேர்ந்துகொண்டு அதிலேயே நில்லுங்கள். நான் பல வருஷம் வாழ்ந்து பழகியது ரைன் நதிக்கரை ஆகையால், ரைன்லாந்து என்னும் அந்தப் பிரதேசத்து ஞாயிற்று விருந்தையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்: வினிகரில் ஊறிய இறைச்சியாகிய சவர்பிராட்டன், சிவப்பு முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு உருண்டை, பக்கத்தில் கொஞ்சம் ஆப்பிள் மசியல்.

சவர்பிராட்டனைப் பூர்வத்தில் குதிரை இறைச்சியில் செய்தார்கள். ரைன்லாந்தில் அப்படிச் செய்வோர் இன்றும் சிலர் உண்டெனினும், இப்போது பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். 6 பேருக்கு ஒன்றரைக் கிலோ, தோள் பகுதியிலோ பின்தொடையிலோ, ஒரே துண்டமாக வேண்டும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். நரம்பும் சவ்வும் இல்லாத மெல்லிய பகுதியைத் தேட வேண்டாம், அந்தச் சவ்வே பிற்பாடு மெல்ல உருகிக் குழம்புக்கு வழவழப்பைக் கொடுக்கப் போகிறது. அரை லிட்டர் சிவப்புத் திராட்சை மது, கால் லிட்டர் சிவப்பு வினிகர், அரை லிட்டர் தண்ணீர். மது வேண்டாத வீட்டார் அதற்குப் பதிலாகத் தண்ணீரையே கூட்டிக்கொள்ளலாம், அதுவும் பழைய வழக்கந்தான். இதில் வெங்காயம், காரட், ஒரு துண்டு செலரிக் கிழங்கு, 10 ஜூனிபர் கனிகள், 5 கிராம்பு, ஒரு சிறு கரண்டி மிளகு, 3 லாரல் இலை. லாரல் இலை என்னும் இடத்தில் நம் ஊர்ப் பிரிஞ்சி இலையைப் போட்டுவிடக் கூடாது. நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடும் நம் இலை இலவங்கப் பட்டையின் இனத்தைச் சேர்ந்தது, அதன் வாசனையே வேறு. எல்லாவற்றையும் ஒரு கொதி விட்டு, முற்றிலும் ஆறவைத்து, பிறகே இறைச்சியின்மேல் ஊற்ற வேண்டும்.

ஊறுகாய் போடும் நம் பாட்டிமார் பித்தளையையும் அலுமினியத்தையும் தீண்டாமல் பீங்கான் ஜாடியைத் தேடியதற்கு என்ன காரணமோ, அதே காரணத்தால் இங்கும் பீங்கானோ கண்ணாடியோதான் வேண்டும். புளிப்பு உலோகத்தைத் தின்று சுவையைக் கெடுத்துவிடும். முன்னாளில் வீட்டின் நிலவறையில் ஜாடியை வைத்தார்கள். இன்று குளிர்பெட்டியில் வைக்கிறோம். 3 நாள் என்பது மிகக் குறைந்த அளவு. 5 அல்லது 6 நாள் இருந்தால் நான் திருப்தியடைவேன். தினம் ஒரு முறை துண்டத்தைப் புரட்டிப் போட வேண்டும். முதல் நாள் சாறு தெளிவாகவும் வினிகரின் நெடி மூக்கைத் துளைப்பதாகவும் இருக்கும். மூன்றாம் நாள் ஜூனிபரின் காட்டு மணம் மேலே வரும். ஐந்தாம் நாள் மூடியைத் திறந்தால் எந்த ஒரு வாசனையும் தனித்துத் தெரியாமல் எல்லாம் கலந்த ஒரு புதிய வாசனை எழும், இறைச்சியின் மேற்புறமும் சாம்பல் பூத்த செம்பழுப்பாக மாறியிருக்கும். புளிப்பு அவ்வளவு பெரிய துண்டத்திற்குள் மிக மெதுவாகவே நடந்து செல்லும் ஆதலால், ஓர் இரவு ஊறியதில் தோல் மட்டும் புளித்து நடுப்பகுதி வெறும் இறைச்சியாகவே நிற்கும். குறைக்க வேண்டாம் என்று நான் மன்றாடுவது இந்த நாட்களைத்தான்.

சாமான் வாங்குவதில் ஒரு ஜாக்கிரதை. இந்நாட்டில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிக் கிடக்கும். 1919-ஆம் வருஷத்து வைமார் அரசியல் சட்டத்தின் 139-ஆம் பிரிவு ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுக்கும் ஆன்ம உயர்வுக்கும் உரிய நாளாகப் பாதுகாத்தது. 1949-இல் எழுந்த புதிய அடிப்படைச் சட்டமும் அந்தப் பிரிவை அப்படியே ஏற்றுக்கொண்டது. ஆகையால் கிராம்போ உருளைக்கிழங்கோ சனிக்கிழமை மாலைக்குள் வீட்டில் இல்லையென்றால், ஞாயிறு காலை அதைத் தேடிப் பெரும்பாலும் பயனில்லை. இந்தச் சட்டத்தை ஓர் அசௌகரியமாகக் கருதுவோர் உண்டு. மத்தியான விருந்துக்கு ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் வீட்டில் இருக்கிறது என்பதை நினைக்கும்போது, எனக்கு அது பெரும் பாக்கியமாகவே தோன்றுகிறது.

ஞாயிறு காலை இறைச்சியை எடுத்து, துணியால் ஈரம் போக ஒற்றி, உப்பு தடவி, கனத்த அடியுள்ள பாத்திரத்தில் நெய் காய்ந்ததும் நாலு புறமும் சிவக்க வறுக்க வேண்டும். ஆம், நெய்தான், இந்நாட்டார் பட்டர்ஷ்மால்ட்ஸ் என்று கடையில் விற்பது உருக்கித் தெளிந்த வெண்ணெயே ஆகையால், இந்த இடத்தில் நம் கைப்பழக்கம் தானாகவே சரியாக வந்து பொருந்துகிறது. ஏன் இப்படி வறுக்க வேண்டும் என்று கேட்டால் பலர், மேல்தோல் இறுகி உட்சாறு வெளியேறாமல் அடைபடும் என்பார்கள். இந்தக் கொள்கைக்கு ஆதிகர்த்தா இந்நாட்டு ரசாயன மேதை யுஸ்டுஸ் ஃபோன் லீபிக். 1847-இல் இறைச்சியைப் பற்றி அவர் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து அது உலகமெங்கும் சமையலறைகளுக்குப் பரவியது. பின்வந்த விஞ்ஞானிகள் அதைச் சோதித்து, வறுத்த துண்டமும் சாற்றை இழக்கத்தான் செய்கிறது என்று நிரூபித்துவிட்டார்கள். ஆனாலும் வறுக்கும் வழக்கம் நிலைத்ததற்கு நியாயம் இருக்கிறது: உக்கிரமான வெப்பத்தில் மேற்புறம் பழுக்கும்போது பிறக்கும் அந்த நிறமும் மணமும் வேறு எவ்வழியிலும் குழம்புக்குக் கிட்டாதவை. ஈரத்தோடு போட்டால் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்க, இறைச்சி வெளுத்து வேகுமேயன்றிச் சிவக்காது. ஒற்றியெடுப்பதன் அவசியம் இதுதான்.

பிறகு ஊறிய காய்களை வடித்து அதே பாத்திரத்தில் வதக்கி, ஊறிய சாற்றை இறைச்சியின் பாதி உயரத்திற்கு ஊற்றி, மூடி, மிக மெல்லிய தீயில் இரண்டரை மணியிலிருந்து மூன்று மணி நேரம் வைக்க வேண்டும். இடையில் ஒரு முறை புரட்டினால் போதும். குக்கரை எடுக்கும் ஆசை இங்கேதான் வரும், தயவுசெய்து அடக்கிக்கொள்ளுங்கள். விசில் அடிக்கும் பாத்திரத்திற்குள் சாறு குறுகுவதில்லை, இறைச்சி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கவும் வழியில்லை. ஒரு நிமிஷம் தாமதித்தாலும் வில்லையாக அறுக்க வேண்டிய துண்டம் நாராகப் பிரிந்துவிடும். கத்தி முனையால் குத்தினால் தடையின்றி இறங்க வேண்டும், எடுத்தால் துண்டம் உதிராமல் நிற்க வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள பதம் மெல்லிய தீயில்தான் பிடிபடும்.

குழம்பில்தான் ரைன்லாந்துக்காரர் தம் விசேஷத்தைக் காட்டுகிறார். வடித்த சாற்றில் ஆகென் நகரத்துப் பிரிண்டன் என்னும் வாசனை பிஸ்கட்டை நொறுக்கிப் போடுவார்கள். அது கரைந்து குழம்பைத் திக்காக்கி, சோம்பும் கிராம்பும் பட்டையுமாக ஒரு மணத்தையும் கொடுக்கும். ஒரு கைப்பிடி உலர் திராட்சை. அதன் பிறகு ஒரு கரண்டி, கறுத்துப் பிசுபிசுத்த, பீட் கிழங்குப் பாகு. அந்தக் கரண்டிப் பாகுக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. 1747-இல் பெர்லினில் ஆண்ட்ரியாஸ் மார்கிராஃப் என்னும் ரசாயன அறிஞர் கரும்பில் உள்ள அதே சர்க்கரை பீட் கிழங்கிலும் இருப்பதைக் கண்டார். அவருடைய மாணாக்கர் ஃபிரான்ஸ் ஆகார்ட் 1801-இல் சிலேசியாவின் குனெர்ன் கிராமத்தில் அந்தக் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் முதல் ஆலையை நிறுவினார். நெப்போலியன் காலத்துத் துறைமுகத் தடையால் கடல் கடந்து வரும் கரும்புச் சர்க்கரைக்குப் பஞ்சம் வந்தபோது, பீட் கிழங்கு ஐரோப்பா எங்கும் பெருமதிப்புப் பெற்றது. பாகை ஊற்றும்போது அவசரம் கூடாது. அரைக் கரண்டி ஊற்றி, கலக்கி, ருசி பார்த்து, புளிப்பு நாவின் ஓரங்களில் நிற்கும்போதே இனிப்பு நடுவில் வந்து சேர்கிறதா என்று கவனித்து, பிறகே மீதியை ஊற்றுங்கள். மிளகாய்த் தூள் டப்பாவுக்குக் கை நீளும் க்ஷணமும் இதுவேதான். ஐந்து நாள் காத்திருந்து விளைந்த ஒரு சமநிலை அந்த ஒரு சிட்டிகையில் மறைந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

இனி உருளைக்கிழங்கு உருண்டை. பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் 1756 மார்ச் 24-இல் தம் அதிகாரிகளுக்கு ஆணை பிறப்பித்து இக்கிழங்கைப் பயிரிடச் செய்தார். போட்ஸ்டாமில் ஸான்ஸூஸி மாளிகையில் உள்ள அவருடைய சமாதிக் கல்லின்மேல், காணச் செல்வோர் இன்றும் பூவோடு உருளைக்கிழங்கையும் வைத்து வருகிறார்கள். பயிரிட்டது மட்டுமன்றி, எந்தக் கிழங்கு எதற்கு ஆகும் என்று பிரித்தறிவதிலும் இந்நாட்டார் மிகுந்த சிரத்தை உடையவர்கள். கடையில் மூட்டையின்மேல் அது உறுதியாக வேகும் ஜாதியா, மாவாக வேகும் ஜாதியா என்று அச்சிட்டிருக்கும். உருண்டைக்கு வேண்டியது மாவாக வேகும் ஜாதி. ஸாலட்டுக்கு உரிய உறுதியான கிழங்கை மசித்தால் பசை போல் இழுபடுமேயன்றி உருண்டையாகச் சேராது.

தூரிங்கியாவின் பிரசித்தமான முறையில், மூன்றில் இரண்டு பங்கு பச்சைக் கிழங்கைத் துருவி, துணியில் கட்டி முறுக்கிப் பிழிந்து, பிழிந்த நீரின் அடியில் தங்கும் வெண்மாவை மீண்டும் சேர்த்து, ஒரு பங்கு வெந்த கிழங்கின் கொதிக்கும் மசியலோடு பிசைவார்கள். கைபழகிய பிறகு அதற்கு வாருங்கள். ஆரம்பத்தில் வெந்த கிழங்கு முறையே உத்தமம். முந்தின நாளே ஒரு கிலோ கிழங்கைத் தோலோடு வேகவைத்து, உரித்து, அச்சில் பிழிந்து, விரித்து ஆறவிடுங்கள். மறுநாள் அதில் ஒரு முட்டை, உப்பு, துருவிய ஜாதிக்காய் கொஞ்சம், 150 கிராம் அளவுக்கு உருளைக்கிழங்கு மாவு. அதிகம் பிசையக் கூடாது. பிசையப் பிசைய இறுகும்.

எனக்கு இதைக் கற்பித்த அடுத்த வீட்டு மூதாட்டி, மாவின் பதத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ததே இல்லை. முதலில் ஒரே ஓர் உருண்டையைச் சோதனைக்குப் போடுவார். உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்து, மாவைத் தட்டி, நடுவில் வெண்ணெயில் பொரித்த ரொட்டித் துண்டுகள் இரண்டு மூன்றை வைத்து மூடி, மேல்புறத்தில் ஒரு விரிசல்கூட இல்லாதபடி கட்டைவிரலால் தடவித் தடவி உருட்டுவார். தண்ணீர் தளதளவென்று கொதிக்கலாகாது. கொதித்து, தீயைத் தணித்த பின், மேற்பரப்பு மெல்ல நடுங்கிக்கொண்டிருக்க வேண்டும். உருண்டை அடியில் போய் உட்கார்ந்து, சற்றுப் பொறுத்து அசைந்து, ஒரு புறமாகப் புரண்டு, மேலே வந்து மிதக்கும். ஓரம் கரைந்து நீர் கலங்கினால் இன்னும் ஒரு கரண்டி மாவு. கல் போல் இருந்தால் ஒரு துண்டு வெண்ணெய் அல்லது கொஞ்சம் மசித்த கிழங்கு. அந்தச் சோதனை உருண்டை பதமாக வந்த பிறகே மற்றவற்றை நீரில் விடுவார். மிதந்தவுடன் எடுத்துவிடாமல், மொத்தம் 15 முதல் 20 நிமிஷம் வரை நீரிலேயே இருக்க விட்டு, துளைக் கரண்டியால் எடுப்பார்.

சிவப்பு முட்டைக்கோஸைச் சனிக்கிழமையே சமைத்துவிடலாம். மறுநாள் சூடாக்கும்போது அதன் ருசி கூடும். நெய்யிலோ வாத்துக் கொழுப்பிலோ வெங்காயத்தை வதக்கி, மெல்லிசாக அரிந்த கோஸும் புளிப்பு ஆப்பிளும் கிராம்பும் சேர்த்து ஒரு மணி நேரம் வேகவிடுங்கள். வினிகரை ஆரம்பத்திலேயே ஊற்ற வேண்டும். புளிப்பு இருந்தால்தான் அதன் நிறம் மாணிக்கச் சிவப்பாக நிலைக்கும், இல்லாவிடில் நீலம் பாய்ந்துவிடும். சூடாக்கிய கோஸின்மேல் இந்நாட்டாருக்குள்ள பிரீதி இலக்கியத்திலும் இடம் பெற்றது: வில்ஹெல்ம் புஷ் 1865-இல் வெளியிட்ட மாக்ஸ், மோரிட்ஸ் என்னும் இரு குறும்புச் சிறுவரின் கதையில், போல்ட்டெ என்னும் விதவை நிலவறைக்குப் போவது மறுபடி சூடாக்கி உண்பதற்காகச் சவர்க்கிராவுட் எடுத்து வரவே.

இறைச்சி உண்ணாத அன்பர்கள் இந்த விருந்திலிருந்து தாம் விலக்கப்பட்டதாக எண்ண வேண்டியதில்லை. சுவாபியாவில் பயறும் ஸ்பெட்ஸ்லெயும் அன்றாட உணவு. அதோடு வைக்கும் தொத்திறைச்சியை விட்டுவிட்டால், வினிகர் விட்டுப் புளிப்பேற்றிய அந்தப் பயறு முழுமையான ஓர் உணவாகவே இருக்கும். ரைன்லாந்திலேயே, உருளைக்கிழங்கைத் துருவி அடையாகச் சுட்டு ஆப்பிள் மசியலோடு உண்பது பழைய வழக்கம்.

புத்தகத் துணை வேண்டுவோருக்கு ஹென்ரியெட்டெ டாவிடிஸ் என்னும் அம்மையாரைச் சொல்வேன். 1801-இல் ரூர் நதிக்கரையில் வெங்கெர்ன் என்னும் ஊரில் ஒரு போதகரின் மகளாகப் பிறந்து, பெண்களுக்கு இல்லறக் கலை கற்பித்து வந்த அவர், 1845-இல் வெளியிட்ட சமையல் நூல் அவர் வாழ்நாளிலேயே பதிப்புக்கு மேல் பதிப்பாக வளர்ந்து, குடும்பங்களில் வழிவழியாகப் புழங்கியது. தாம் செய்து பார்த்து உறுதி செய்தவற்றையே எழுதுவது என்ற அவருடைய நியமம், புதிதாகச் சமைப்போருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அந்தப் பக்கங்களைப் புரட்டினாலே விளங்கும்.

பரிமாறுவதில் அதிகச் சடங்கில்லை. வேளை மத்தியானம், இந்நாட்டில் பழைய வழக்கப்படி சூடான சாப்பாடு பகலில்தான், இரவில் ரொட்டியும் பாலாடைக்கட்டியுமே. தட்டுகளைச் சூடாக வைத்திருங்கள். இறைச்சியை எடுத்துப் 10 நிமிஷம் பொறுத்து, நாருக்குக் குறுக்காக அறுங்கள். குழம்பைத் தாராளமாகத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். உருண்டையைக் கத்தியால் அறுக்கும் வழக்கம் இங்கே இல்லை. முள்கரண்டியால் பிளந்தால் உட்புறம் சொரசொரப்பாகப் பிரிந்து குழம்பை வாங்கிக்கொள்ளும். விருந்தினர் அப்படிப் பிளப்பதை முதலில் கவனித்து, நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். மீந்த உருண்டைகளைத் திங்கட்கிழமை வட்டமாக அரிந்து வெண்ணெயில் பொன்னிறமாக வறுத்தால், பழைய குழம்போடு அது இன்னொரு வேளைச் சாப்பாடு.

ஆகவே, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு நண்பர்களை அழைத்திருக்கிறவர்கள் திங்கட்கிழமையே இறைச்சிக் கடைக்குச் சொல்லி வைத்து, செவ்வாய்க்கிழமை இரவுக்குள் துண்டத்தை ஜாடியில் இறக்கிவிடுங்கள். அந்த நாள் தவறிவிட்டால் அழைப்பை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள்; காரணத்தைச் சொன்னால் ரைன்லாந்துக்காரர் எவரும் வருத்தப்பட மாட்டார்.

இங்ஙனம்,
ரைன் நதிக்கரையில் பல வருஷம் வாழ்ந்த உங்கள் ஸ்நேகிதன்